நிமிஷத்துக்கு ஒரு வருஷம்

பார்வதத்தின் வீட்டுக்கு இங்கிலாந்து சமையலறை வழியாகத்தான் வந்தது.

அவள் கணவன் கஜபதி ஆவடித் தொழிற்சாலையில் லேத்து ஓட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயதில் தபால் வழியில் பி.ஏ. சரித்திரம் படிக்க ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த அளவுக்கு ஞாபகம் வரவில்லை. யாராவது கேள்வி கேட்டால்தான் அவனுக்குப் பதில் நினைவுக்கு வரும். தானாக எதுவும் வராது. ஆகவே தினமும் சாயங்காலம் பார்வதம் பாடப்புத்தகத்தை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள். எட்டாவது வரை படித்தவள். இரண்டு மாதத்தில் அவளுக்கு இங்கிலாந்துப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. அவனுக்குக் கத்தரிக்காயின் விலைதான் மனப்பாடமானது.

"ஆளே இல்லாத மேட்டுக்குப் பார்லிமெண்டுல எத்தினி மெம்பரு?"

"ரெண்டு."

"கடல் முழுங்கின ஊருக்கு?"

"அதுக்கும் ரெண்டு."

"ஊரே கடலுக்குள்ள கீது. அப்போ ஓட்டு யாரு போட்டா? மீனா?"

"பாடத்துல அது இல்ல பார்வதம். பாடத்துல கீறத மட்டும் கேளு."

பார்வதத்துக்கு அந்த மீன் விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. போகாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் குடியிருந்த விநாயகா நகரிலும் மீன் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

விநாயகா நகர் என்பது திருநின்றவூர் ஏரிக்கு மேற்கே முப்பத்திரண்டு மனைகள். பதினைந்தில் வீடு இருந்தது. மற்றவற்றில் வேலிக்காத்தான் முள் இருந்தது. நகர் சங்கத்தின் விதி ஒரே வரி: மனைக்கு ஓர் ஓட்டு. முள் முளைத்த மனைகளில் பதினான்கு தலைவர் வீரராகவனுடையவை. எனவே எந்தத் தீர்மானம் வந்தாலும் அவர் வலது கையைத் தூக்குவார். பதினான்கு முட்செடிகளும் கூடவே தூக்கியதாகக் கணக்கு. வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. பெண்களுக்கு ஓட்டு இல்லை என்று விதியில் எழுதவே இல்லை. எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீரராகவன் கெட்டவர் இல்லை. ரயில்வேயில் தலைமை குமாஸ்தாவாக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துவரை பொத்தான் போடுவார். பையில் சங்கிலி போட்ட கடிகாரம் வைத்திருப்பார். நகரில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அவருக்கு ஒரே ஒரு பலவீனம். "வெள்ளைக்காரன் செஞ்சா அதுல ஒரு நியாயம் இருக்கும்" என்பார். சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அதைத்தான் சொல்வார்.

எண்பத்தொன்பதாம் வருட மே மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விநாயகா நகருக்குக் கைப்பம்பு ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்சீயர் வருவார். இடத்தைச் சங்கம் முடிவு செய்து காட்டவேண்டும். அன்றைக்குக் காட்டாவிட்டால் பம்பு அடுத்த ஊருக்குப் போகும்.

தலைவர் ஏற்கெனவே இடம் பார்த்துவிட்டார். கடைசித் தெருவில், அவருடைய காலி மனைகளுக்கு நடுவில். "தண்ணி இருந்தாத்தான் மனைக்கு ஆள் வரும், ஆள் வந்தாத்தான் ஊர் வளரும்" என்பது அவர் வாதம்.

"வளர்ற ஊருக்குத் தண்ணி. கீற ஊருக்கு?" என்றாள் பார்வதம் கஜபதியிடம்.

அவளுக்கு மனதில் இருந்தது நாகம்மா. தெருமுனை வரிசை வீட்டில் குடியிருப்பவள், இருபத்துமூன்று வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. நல்ல தண்ணீருக்கு ஏரிக்கரைக் கிணற்றுக்கு அரை மைல் போய், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று தினமும் நான்கு நடை நடந்தாள். முட்காட்டைச் சுற்றிக்கொண்டு போனால், கடைசித் தெருவும் அவள் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்குச் சமமான தூரம். பம்பு அங்கே போனால் அவள் திசை மாறும், நடை குறையாது. தெருமுனை அரசமரத்தடியில் போட்டால் பத்தடி. பார்வதம் அந்தப் பெண் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தன் இடுப்பைத் தானே பிடித்துக்கொள்வாள்.

"நீங்க சங்கத்துக் காரியதரிசி. எழுந்து பேசுங்க."

"பதினாலு ஓட்டு, பார்வதம். நான் பேசினா முள்ளு கேக்குமா?"

"நீங்க பேசாங்காட்டி நான் பேசறேன்" என்றாள். சனிக்கிழமை விடியற்காலையிலேயே நகர்ப் பிள்ளையாருக்கு ஒரு படி கொண்டைக்கடலைச் சுண்டல் வேண்டிக்கொண்டாள். அவசரத்தில் கடலை சரியாக ஊறவில்லை. வேகவும் இல்லை. கல் மாதிரி இருந்தது. "பிள்ளையாரே, உனக்குத்தான் தந்தம் கீதே, கடிச்சிக்கோ" என்று படைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் தகரக் கூரை போட்ட பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. தலைவர் கடிகாரத்தைத் திறந்து, "மணி நாலு. தீர்மானத்தை வாசிக்கலாம்" என்றார்.

"தலைவரே, ஒரு சந்தேகம்" என்று கூட்டத்துக்கு வெளியிலிருந்து பார்வதத்தின் குரல் வந்தது. "வெள்ளைக்காரன் ஊர்ல காலி மேட்டுக்கு ஓட்டு கீதா?"

கஜபதி தரையைப் பார்த்தான். தலைவர் புன்னகைத்தார். "ஒரு காலத்துல இருந்துச்சும்மா."

"இப்போ?"

"இப்போ இல்ல. அவங்களே எடுத்துட்டாங்க."

"எப்போ எடுத்தாங்க?" என்று பார்வதம் கேட்டது கணவனை.

கேள்வி வந்துவிட்டதல்லவா! கஜபதியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்திரண்டு."

"வெள்ளைக்காரன் செஞ்சா அதுல ஒரு நியாயம் இருக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க, தலைவரே?"

கூட்டம் சிரித்தது. வீரராகவன் தன் சொந்த வாக்கியத்தில் கால் இடறி நின்றார். நேர்மையான மனிதர்; சொன்ன சொல்லை விழுங்கத் தெரியாது. அதோடு, வீட்டுக்காரர்களில் பாதிக்கு மேல் அவரிடம் மனை வாங்கியவர்கள், அவர் பேச்சைத் தட்டமாட்டார்கள்.

"சரி, முள்ளு வேணாம். வீடு உள்ளவங்க மட்டும் கை தூக்கட்டும்."

"குடியிருக்கறவங்களுக்கும் அப்புறம் குடுத்தாங்களே. பொம்பளைங்களுக்கும் குடுத்தாங்க."

"குடுத்தாங்கம்மா. ஆனா நிதானமா குடுத்தாங்க! எல்லாருக்கும் கிடைக்கத் தொண்ணூத்தாறு வருஷம் ஆச்சு. நாமளும் நிதானமா செய்வோம். வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, பொதுக்குழுவுக்கு ஒரு படி."

"அவங்க கப்பல்ல போறவங்க, தலைவரே, மெதுவாத்தான் போவாங்க. நாம எலெக்ட்ரிக் டிரெயின்ல போறவங்க. வருஷத்துக்கு ஒரு நிமிஷம்னு வெச்சிக்குவோம்."

அபத்தமான யோசனைதான். ஆனால் ரயில்வேக்காரருக்கு அட்டவணை என்றால் ஒரு மயக்கம். வீரராகவன் மனதுக்குள் கணக்குப் போட்டார். தொண்ணூற்றாறு நிமிஷம் என்றால் ஐந்து முப்பத்தாறு. ஓவர்சீயருக்கு ஐந்து ஐம்பது ரயில், ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷ நடை, ஐந்தரைக்குக் கிளம்பியாகவேண்டும். அவர் வந்து சாட்சியாக உட்கார்ந்துவிட்டால், அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் ஓட்டெடுத்துக்கொள்ளலாம்.

"சம்மதம். ஓவர்சீயர் கிளம்பறதுக்குள்ள ஓட்டெடுப்போம், அப்போ எந்த வருஷமோ அதுதான் சட்டம். என் கடிகாரந்தான் கணக்கு."

"அப்போ இப்ப மணி 1832" என்றான் கஜபதி. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

விநாயகா நகரில் அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை. சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று மற்ற விஷயங்களைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் பார்வதம் "இப்போ?" என்பாள். கஜபதி தேர்வு எழுதுகிறவன் போல எழுந்து நிற்பான். நான்கு முப்பத்தைந்துக்கு 1867 வந்தது. வரிசை வீட்டு ஆண்கள் நான்கு பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் தங்கள் வீட்டுச் சொந்தக்காரரான தலைவரைப் பார்த்ததும் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்கள். தூக்கச் சொன்னாலும் தூக்கமாட்டார்கள் போலிருந்தது.

நாலு நாற்பதுக்கு, "1872! ரகசிய ஓட்டு!" என்றான் கஜபதி.

ரகசியத்துக்குப் பெட்டி ஏது? குருக்கள் இல்லாத அந்தக் கோயிலில், கல்யாணமோ வேலையோ எதுவானாலும் பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். ஆகவே பூவரச இலைகள் பறித்தார்கள். தெருமுனை என்றால் வெள்ளை அரளி, கடைசித் தெரு என்றால் சிவப்பு அரளி. இலையில் மடித்துக் கோயில் தவலைக்குள் போடவேண்டும். பிள்ளையார் சாட்சி என்றதும் தலைவரால் மறுக்க முடியவில்லை. வரிசை வீட்டு ஆண்களின் கைகள் அக்குளிலிருந்து வெளியே வந்தன.

ஆனால் பார்வதத்துக்கு அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. காதில் விழுந்தது அப்படி.

"பம்பு எங்க இருந்தா நமக்கின்னா மாமே? ஊட்டுல பானைல தண்ணி கீதில்ல?"

"அதான. தலைவர் மூஞ்சிக்காவ செவப்பே போட்ருவோம்."

குடம் தூக்காத கைக்குத் தூரம் தெரியாது. பெண்கள் உள்ளே வந்தால்தான் உண்டு என்று அவளுக்குப் புரிந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு 1884 வந்தது, கூலி உழைப்பவர்களுக்கும் ஓட்டு. அந்தப் பக்கமாக எருமை ஓட்டிக்கொண்டு போன வேம்புலியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "எனக்கு இன்னாத்துக்கு ஓட்டு? எரும ஏரில குடிச்சிக்கும்" என்றான். எருமையும் கூட்டத்தின் ஓரமாகப் படுத்துக்கொண்டது.

ஐந்து மணிக்கு ஓவர்சீயர் சண்முகசுந்தரம் சுண்ணாம்புப் பொடிப் பையோடு சைக்கிள் இல்லாமல் வியர்த்து வந்தார். தலைவர் முகம் மலர்ந்தது. "வாங்க சார்! ஓட்டெடுத்துடலாமா?"

"சார் வெயில்ல வந்துகினு கீறாரு. பிள்ளையார் பிரசாதம் மொதல்ல" என்று பார்வதம் ஒரு வாழையிலை நிறையச் சுண்டல் கொண்டுவந்தாள்.

ஓவர்சீயர் பக்திமான். பிரசாதத்தைக் கீழே வைக்கமாட்டார், துப்பமாட்டார். முதல் கடலையைக் கடித்தார். அது உடையவில்லை. கன்னத்தின் வலது பக்கத்தில் முயன்றார். இடது பக்கத்துக்கு மாற்றினார். கண்கள் லேசாகக் கலங்கின. ஒரு கடலைக்கு அரை நிமிஷம், அதாவது சரித்திரப்படி ஆறு மாதம் ஆனது. 1903 வந்தபோது அவர் இலையில் பாதிதான் தீர்ந்திருந்தது.

"சார், சீக்கிரம்..." என்றார் தலைவர்.

ஓவர்சீயர் வாயைச் சுட்டிக்காட்டித் தலையசைத்தார். ஊறாத கடலைக்காக அன்று காலை வெட்கப்பட்ட பார்வதம் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம் குறைகளையும் அவன் ஏதோ கணக்கில்தான் எடுத்துக்கொள்கிறான்.

ஐந்து இருபத்திரண்டுக்கு இலை காலியானது. தலைவர் துள்ளி எழுந்தார். "அவ்வளவுதான்! இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதம் கிடையாது. எல்லாரும் பூவை எடுங்க!"

பெண்களுக்கு இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. பார்வதம் வாயைத் திறந்தாள். கேட்க எந்தக் கேள்வியும் தோன்றவில்லை. அப்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கேட்காமலே கஜபதி கத்தினான்.

"செல்லாது! இப்போ 1914! யுத்தம்!"

"என்னய்யா யுத்தம்?"

"உலக யுத்தம், தலைவரே! யுத்தம் முடியற வரிக்கும் வெள்ளக்காரன் எலெக்‌ஷனே வைக்கல. பாடம் ஏழு, பக்கம் நூத்திப் பன்னண்டு. பதினெட்டுலதான் முடிஞ்சிது!"

"யோவ், வெளையாடறியா? உன்னைக் காரியதரிசியா வெச்சது..." என்று ஆரம்பித்த தலைவர், அன்று அதற்குள் நிறையக் கத்தியிருந்ததால் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. முகம் சிவந்தது. கூட்டமே எழுந்து நின்றதே தவிர, யார் கையிலும் தண்ணீர் இல்லை. தண்ணீர் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையிலிருந்து நாகம்மா வந்துகொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வர அவளுக்கு நேரம் ஏது? விறுவிறுவென்று வந்து தலைக்குடத்தை இறக்கி, கோயில் சொம்பில் சரித்து நீட்டினாள். "மெதுவா குடிங்க தலைவரே. மெதுவா."

ஒரு சொம்பு போதவில்லை. மூன்று குடித்தார். பாதிக் குடம் போயிற்று. மூச்சு வந்ததும், "எங்கேருந்துமா இந்தத் தண்ணி?" என்றார்.

"ஏரிக்கரைக் கெணறு, தலைவரே."

"இவ்வளவு தூரமா... உன் குடம் காலியாயிடுச்சேம்மா."

"அதுக்கின்னா? இன்னொரு நடை போய்க்கறேன்" என்று சிரித்து, இடுப்பில் கையை ஊன்றி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீரராகவன் அதைப் பார்த்தார். வீட்டில் மோட்டார் வைத்த கிணறு உள்ளவர்; ஒரு குடம் எவ்வளவு கனம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"1918!" என்றான் கஜபதி. "முப்பது வயசான பொம்பளைங்களுக்கு ஓட்டு!"

பெண்கள் நகரவில்லை. விநாயகா நகரில் முப்பது வயதைத் தாண்டிய பெண் என்று ஒருத்தி இதுவரை இருந்ததில்லை. கஸ்தூரிக்கு ஆறு வருடமாக இருபத்தெட்டு. ராஜம்மாவுக்குப் பேரன் இருந்தான், அவள் வயது இருபத்தொன்பது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பார்வதம் முன்னால் வந்து, "எனக்கு முப்பத்தெட்டு!" என்று பூவை எடுத்தாள்.

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். "முப்பத்தஞ்சு!"

"இன்னாது?" என்றான் அவள் புருஷன் பாஸ்கரன். "கல்யாணத்தப்போ வேற சொன்னீங்க!"

"அப்போ தண்ணி தூக்கல. தூக்கித் தூக்கி வயசாயிடுச்சி!"

ராஜம்மா எழுந்து, "நாப்பத்தொம்போது, இந்தா" என்றதும் அணை உடைந்தது. வயதுகள் சடசடவென்று விழுந்தன. பூவரச இலைகள் தவலைக்குள் போயின. ஆண்களும் போட்டு முடித்தார்கள். நாகம்மா மட்டும் கோயில் ஓரத்தில் பாதிக் குடத்தோடு நின்றாள்.

"அவளுக்கு இருபத்துமூணு" என்றான் கஜபதி, தொங்கிய முகத்தோடு. "அதுக்கு 1928 வரணும். இன்னும் ஆறு நிமிஷம்."

"நான் கெளம்பணும் சார், மணி அஞ்சரை" என்று ஓவர்சீயர் பையைத் தோளில் மாட்டினார்.

பார்வதம் நாகம்மாவைப் பார்த்தாள். நாலு நடை நடக்கிறவளைத் தவிர மற்ற எல்லோரும் பூப் போட்டாயிற்று. எருமைக்காரன்கூடப் போட்டாயிற்று.

வீரராகவன் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். அதை உற்றுப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு மெதுவாகத் திருகாணியைத் திருப்பி முள்ளை நகர்த்தினார்.

"என் கடிகாரம் ஆறு நிமிஷம் மெதுவா ஓடுது. இப்பதான் கவனிச்சேன். மணி அஞ்சு முப்பத்தாறு."

கூட்டமே வாய் பிளந்தது. அந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுவதை விடச் சூரியன் மெதுவாக ஓடுவது சுலபம்.

"ஐயோ, அப்போ என் டிரெயினு!" என்று ஓவர்சீயர் அலறினார்.

"ரயில் லேட்டு, சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"முப்பத்தோரு வருஷம் ரயில்வேல இருந்தேன். எனக்குத் தெரியாதா? உட்காருங்க." பிறகு நாகம்மாவின் பக்கம் திரும்பாமலே, "1928 ஆயிடுச்சும்மா. வந்து போடு" என்றார்.

பொய் சொல்லாத வாய் அன்று இரண்டு பொய் சொல்லியது. பிள்ளையார் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நாகம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, இலையை மடித்துப் போட்டாள்.

தவலையைக் கவிழ்த்து ஓவர்சீயரே எண்ணினார். சிவப்பு பதினாறு. வெள்ளை பதினேழு.

பெண்கள் போட்ட கூச்சலில் எருமை எழுந்து நின்றது. கஸ்தூரி வயதை மறந்து குதித்தாள். தலைவர் போட்டது என்ன பூ என்று பிறகு பல நாள் பேசினார்கள். அவர் சொல்லவில்லை; ரகசிய ஓட்டு.

கூட்டம் அப்படியே தெருமுனைக்கு நகர்ந்தது. ஓவர்சீயர் வரிசை வீட்டு வாசலுக்கு எதிரே சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டார்.

தலைவர் குனிந்து பார்த்தார். "சார், வாசல்ல சேறாகும். புள்ளத்தாச்சி வழுக்கி விழுந்தா? ரெண்டு அடி மரத்துப் பக்கம் தள்ளுங்க."

ஓவர்சீயர் அழித்துத் தள்ளிப் போட்டார். ரயில் நினைவு அவருக்குப் போய்விட்டது; வாயில் இன்னும் எங்கோ ஒரு கடலை இருந்தது.

"தலைவரே," என்றாள் நாகம்மா தயங்கி, "அங்க மரத்து வேர் கீது. கொடம் நிக்காது. ஒரு அடி இந்தாண்ட வந்தா..."

வீரராகவன் நிமிர்ந்தார். சங்கத் தலைவர் என்ற நினைவு அவருக்குத் திரும்பியது. "ஒரு அடி மாத்தறதுன்னா அதுக்குத் தீர்மானம் போட்டு, மறுபடியும் ஓட்டெடுத்துத்தான்..."

"எத்தினி மணிக்கு ஆரம்பிக்கறது? முப்பத்திரண்டுலேர்ந்தா?" என்று கஜபதி ஆவலாகப் புத்தகத்தைத் தேடினான்.

பார்வதம் ஓவர்சீயரின் கையிலிருந்து சுண்ணாம்புப் பையை வாங்கி நாகம்மாவிடம் கொடுத்தாள்.

"ஓட்டெல்லாம் வாணாம். தூக்கறவ நீ. எங்க வேணும்னு நீயே போடு."

நாகம்மா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக் குனிந்து வட்டம் போட ஆரம்பித்தாள். வட்டம் கோணலாக வந்தது. குனிய முடியாமல் பாதியில் அவள் நிறுத்தியபோது, வீரராகவன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, மீதிப் பாதியைப் போட்டு முடித்தார்.